கல்லை எடுத்தாச்சு, வழி சரியாச்சா? – கல்லீரலுக்குள் உருவாகும் பித்தநாளக் கற்கள் பற்றி

"கல் இருக்கு" என்று டாக்டர் சொன்ன உடனே நம்ம ஊரில் மூன்று பதில்கள் தயாராக வந்து விழும். வாழைத்தண்டு சாறு குடிங்க. பீர் குடிச்சா தானா வெளியே வந்துடும். பித்தப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது. முதல் இரண்டும் சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுபவை. மூன்றாவது பித்தப்பைக் கல்லுக்கான சிகிச்சை. கல்லீரலுக்கு உள்ளேயே, பித்தம் ஓடும் மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொண்டிருக்கும் கற்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. சிறுநீர் போகும் வழிக்கும் பித்தம் போகும் வழிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பித்தப்பையை எடுத்தாலும் கல்லீரலுக்குள் இருக்கும் கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தக் குறிப்புகளை எழுதக் காரணம் என் பெரியப்பா. விருத்தாசலம் செராமிக் யூனிட் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்தில் மூன்று முறை குளிர் ஜுரமும் காமாலையுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் வரும்: "கல்லை எடுத்தாச்சா?" ஆமாம், எடுத்தாச்சு. அப்புறம் ஏன் திரும்ப வருது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே தருகிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எஞ்சினியர். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பித்தம் போகும் வழி

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது முதலில் முடி போன்ற நுண்குழாய்களில் சேர்கிறது. ஓடைகள் சேர்ந்து ஆறாவது மாதிரி அவை சேர்ந்து சேர்ந்து வலது நாளம், இடது நாளம் என்று இரண்டாகின்றன. கல்லீரலின் வாசலில் அந்த இரண்டும் இணைந்து ஒரே நாளமாகிக் கீழே இறங்குகின்றன. வழியில் ஒரு பக்கவாட்டுக் கிளையில் பித்தப்பை தொங்குகிறது. அது ஒரு சேமிப்புத் தொட்டி மட்டும்தான். கடைசியில் பித்தநாளம் முன்சிறுகுடலுக்குள் ஒரு சின்ன முலைக்காம்பு போன்ற மேட்டின் வழியாகத் திறக்கிறது. அந்த இடத்தில் வால்வு மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது.

கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயே வேறாகிவிடும். பித்தப்பையில் கல் என்றால் பித்தப்பையை எடுத்துவிடலாம், மனிதன் அது இல்லாமல் நன்றாக வாழ்வான். பொதுப் பித்தநாளத்தில் கல் என்றால் எண்டோஸ்கோபியில் கீழிருந்து எடுத்துவிடலாம், பெரும்பாலும் சுலபம். இரண்டு நாளங்களும் சேரும் இடத்துக்கு மேலே, கல்லீரலுக்குள்ளே கல் என்றால்தான் சிக்கல். கல்லீரலை அப்படியே எடுத்துப் போட முடியாது. குழாய்களோ கிளை கிளையாகப் பிரிந்து, வளைந்து, மெலிந்துகொண்டே போகின்றன.

கல் எப்படி உருவாகிறது?

பித்தப்பைக் கற்களில் பல கொழுப்புக் கற்கள். 1968-இல் எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற மருத்துவர் இந்திய ரயில்வே தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். தென்னிந்தியத் தொழிலாளர்களைவிட வட இந்தியர்களிடம் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு அதிகம் என்று அதில் வந்தது. தெற்கே கொழுப்புக் கல்லைவிட நிறமிக் கல்லின் பங்கு அதிகம் என்பதும் பின்னர் தெரியவந்தது.

கல்லீரலுக்குள் உருவாகும் கற்களில் முக்கியமானது பழுப்பு நிறமிக் கல். அதன் கதை இப்படி. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வருகிறது. அது தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்து, கரையக்கூடியதாக்கிப் பித்தத்தில் அனுப்புகிறது. இப்போது பித்தம் எங்கோ தேங்கி நிற்கிறது, அதில் ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியா வந்து சேர்கிறது என்று வையுங்கள். அந்த பாக்டீரியாவிடம் கல்லீரல் கோத்த முடிச்சை அவிழ்க்கும் நொதி ஒன்று இருக்கிறது. முடிச்சு அவிழ்ந்ததும் பிலிருபின் மறுபடி கரையாத பொருளாகிறது. பித்தத்தில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகிறது.

அதாவது இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று தேக்கம், இன்னொன்று தொற்று.

எங்க ஊர் செராமிக் யூனிட்களைப் பார்த்தவர்களுக்குத் தேக்கத்தை விளக்கவே வேண்டாம். அச்சில் ஊற்றும் களிமண் கரைசலை அங்கே ஸ்லிப் என்பார்கள். தொட்டியில் கலக்கி ஓடிக்கொண்டே இருக்கும்வரை அது பால் மாதிரி ஓடும். ஹோஸில் ராத்திரி முழுக்க நிற்கவிட்டால் காலையில் அடியில் மண் படிந்து அடைத்திருக்கும். கரைசலில் குறை ஒன்றும் இல்லை, ஓட்டம் நின்றதுதான் காரணம்.

கல்லீரலுக்குள் இடதுபக்க நாளத்தில் கற்கள் அதிகம் காணப்படுவதற்கும் இதையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இடது நாளம் பொது நாளத்தோடு சேரும் கோணத்தில் பித்தம் வடிவது மெதுவாகிறது.

இனிதான் முக்கியமான இடம். கல் இருந்தால் தொற்று வரும். தொற்று வந்தால் நாளத்தின் சுவர் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பாகி, நாளம் அந்த இடத்தில் குறுகும். குறுகிய இடத்துக்கு மேலே பித்தம் தேங்கும். தேங்கினால் புதுக் கல். புதுக் கல்லால் மறுபடி தொற்று. இது சுற்றிச் சுற்றி வரும் வட்டம். இந்த வட்டத்தில் கல் ஒரு கண்ணி மட்டுமே. குறுக்கம் இன்னொரு கண்ணி.

ஹாங்காங், காஷ்மீர், நம்ம பக்கம்

இந்த நோய் உலகம் முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை. கிழக்காசியாவில்தான் அதிகம். ஹாங்காங்கில் 1930-இலேயே கென்னெல்ம் டிக்பி என்ற அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் இதைப் பற்றி எழுதினார். திரும்பத் திரும்ப சீழ்த்தொற்று வருவதைக் குறிக்கும் பெயர் 1950-களில் அங்கேதான் சூட்டப்பட்டது. ஒரு காலத்தில் 'ஹாங்காங் நோய்' என்றே சொன்னார்கள்.

இந்தியாவில் காஷ்மீர் முக்கியமான இடம். ஸ்ரீநகரில் மருத்துவர் முகமது சுல்தான் குரூ குழுவினர், குடலில் வாழும் உருண்டைப் புழு பித்தநாளத்துக்குள் ஏறிப்போவதை விரிவாக ஆராய்ந்தார்கள். புழுவால் கல்லீரல், பித்தநாளம், கணையம் பாதிக்கப்பட்ட 500 பேரைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1990-இல் 'லான்செட்' இதழில் வந்தது. நாளத்துக்குள் போன புழு அங்கேயே செத்தால், அதன் துணுக்கைச் சுற்றிக் கல் படியலாம். கூடவே குடலிலிருந்து பாக்டீரியாவையும் அது கொண்டுபோயிருக்கும். தேக்கம், தொற்று இரண்டையும் ஒரே புழு கொண்டுவந்து விடுகிறது. பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரைக்கு இப்படியும் ஒரு மதிப்பு இருக்கிறது.

நம்ம பக்கம் உள்ள நோயாளிகளிடம் இன்னொரு காரணத்தையும் கவனிக்க வேண்டும். பித்தப்பை அறுவையில் நாளம் காயப்பட்டு, பின்னால் அதைக் குடலோடு இணைத்துத் தைத்திருப்பார்கள். அல்லது பிறவியிலேயே நாளம் பலூன் மாதிரி வீங்கியிருந்து அதை எடுத்திருப்பார்கள். அந்த இணைப்பு பல வருஷம் கழித்துக் குறுகினால், அதற்கு மேலே கல்லீரலுக்குள் கல் சேரும். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வாய்வழியாகப் போகும் எண்டோஸ்கோபி

இதற்குப் பெயர் இ.ஆர்.சி.பி. வாய் வழியாக ஒரு குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குப் போகிறது. சாதாரண எண்டோஸ்கோப் நேராகப் பார்க்கும். இது பக்கவாட்டில் பார்க்கும், ஏனென்றால் பித்தநாளத்தின் வாய் குடலின் பக்கச் சுவரில் இருக்கிறது. அந்த வாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் ஏற்றி, எக்ஸ்ரேயில் நாளங்களின் வரைபடத்தைப் பார்ப்பார்கள். 1968-இல் வாஷிங்டனில் வில்லியம் மெக்யூன் குழு இதை முதலில் வெளியிட்டது. 1974-இல் ஜப்பானில் கவாயும், ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசன், டெம்லிங் ஆகியோரும் தனித்தனியாக அடுத்த படியை எடுத்தார்கள். அந்தத் தசை வளையத்தை மின்கம்பியால் கீறித் திறந்தார்கள். அதோடு படம் பார்க்கும் கருவி சிகிச்சைக் கருவியாக மாறியது.

வாய் திறந்த பிறகு டோர்மியா கூடை என்ற கம்பிக்கூடையால் கல்லைப் பிடித்து இழுக்கலாம், அல்லது பலூனை மேலே கொண்டுபோய் ஊதிக் கீழே வழித்து எடுக்கலாம்.

உயிர் ஊசலாடும் நேரத்தில் இந்த வழியின் மதிப்பை ஹாங்காங்கில் நடந்த ஒரு சோதனை காட்டியது. பித்தநாளக் கல்லால் கடுமையான தொற்றோடு வந்த 82 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 41 பேருக்கு அவசர அறுவை, 41 பேருக்கு எண்டோஸ்கோபியில் பித்தத்தை வடியவிடுதல். 1992-இல் முடிவு வெளியானது. அறுவைக் குழுவில் 13 பேர் இறந்தார்கள், எண்டோஸ்கோபி குழுவில் 4 பேர். அந்த நேரத்தில் முதல் வேலை கல்லை எடுப்பது அல்ல. சீழ் கலந்த பித்தத்துக்கு வழி விட்டுவிட்டு, கல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில் ஒரு ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு, "கல் இன்னும் உள்ளே இருக்கு" என்று டாக்டர் சொன்னால் அவர் வேலையைப் பாதியில் விட்டார் என்று அர்த்தம் இல்லை.

இதில் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. நூறில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம். ரத்தக்கசிவும், அரிதாகக் குடலில் ஓட்டையும் நேரலாம். தசை வளையத்தைத் திறந்துவிட்டால் பித்தம் இறங்க வழி கிடைக்கும், ஆனால் குடல் கிருமி ஏறவும் அதே வழிதான். உருண்டைப் புழு அதிகமுள்ள இடங்களில் புழு ஏறுவதற்கும் அது வசதியாகிவிடும்.

கல்லீரலுக்குள் இருக்கும் கல்லுக்கு இ.ஆர்.சி.பி. பல நேரம் போதாமல் போகிறது. கூடை கீழிருந்து மேலே போக வேண்டும், கூர்மையான வளைவில் திரும்ப வேண்டும், குறுகிய இடத்தைத் தாண்ட வேண்டும், அதுக்கப்புறம் கல்லுக்குப் பின்னால் விரிய இடம் வேண்டும். குழாயை நிறைத்து வார்ப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும் கல்லைச் சுற்றி அந்த இடமே இருக்காது.

உள்ளேயே உடைப்பது

பழுப்புக் கல் கெட்டியானது இல்லை. சூளையில் சுட்ட பீங்கான் மாதிரி அல்ல, சூளைக்குப் போகாத காய்ந்த களிமண் மாதிரி. விரலால் நசுக்கினால் பொடியும். ஆனால் விரல் அங்கே போக முடியாதே. அளவு பெரிசு, வாசல் சிறிசு. அதனால் உள்ளேயே உடைக்க வேண்டும்.

இதற்குப் பித்தநாளத்துக்குள்ளேயே போகும் குட்டி எண்டோஸ்கோப் வந்தது. பெரிய எண்டோஸ்கோப்பின் வயிற்றுக்குள் சின்னது போகும். ஒரே மருத்துவர் கையாளக்கூடிய வகை 2007 வாக்கில் சந்தைக்கு வந்தது. டிஜிட்டல் கேமரா உள்ளது 2015-இல் வந்தது. அதன் தடிமன் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். எக்ஸ்ரே நிழலைப் பார்த்துத் தேடுவதற்குப் பதிலாகக் கல்லை நேரிலேயே பார்க்கலாம்.

அதன் வழியாக இரண்டு கருவிகளில் ஒன்று போகும். ஒன்று மின்பொறி. நுனியில் இரண்டு மின்முனைகள் இருக்கும். உப்புநீருக்குள் பொறி வெடித்தால் நீர் நொடியில் ஆவியாகி, அதிர்ச்சி அலை கல்லைத் தாக்கும். சோவியத் எஞ்சினியர் யுட்கின் 1950-களில் வளர்த்தெடுத்த தத்துவம் இது, முதலில் சிறுநீர்ப்பைக் கல்லுக்குப் பயன்பட்டது. இன்னொன்று ஹோல்மியம் லேசர். அதன் ஒளியைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் அரை மில்லிமீட்டரைத் தாண்டி அதிகம் ஊடுருவாது. இரண்டிலும் நுனி கல்லைப் பார்த்து இருக்க வேண்டும். நாளச் சுவரில் பட்டால் ரத்தக்கசிவோ ஓட்டையோ ஆகலாம். கண்ணால் பார்த்துச் செய்வது அவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் இதுவே.

தோல் வழியாகப் போகும் பாதை

கீழிருந்து எட்டாத கல்லுக்கு மேலிருந்து வரலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே விலா ஓரத்தில் ஊசி போட்டு, கல்லீரல் வழியாக விரிந்த நாளத்துக்குள் ஒரு குழாய் வைக்கிறார்கள். அந்தத் துளையைச் சில வாரங்களில் படிப்படியாகப் பெரிதாக்குகிறார்கள். சுமார் 16 அல்லது 18 ஃபிரெஞ்ச் வரை. ஒரு ஃபிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, ஆக ஐந்து ஆறு மில்லிமீட்டர். பாதை நன்றாக அமைந்த பிறகு அதன் வழியே எண்டோஸ்கோப் நேராகக் கல்லுக்குப் போகும். தூரம் குறைவு, வளைவும் குறைவு. உடைத்து, கழுவி, கூடையால் எடுத்து, தேவைப்பட்டால் பல அமர்வுகள் செய்வார்கள். நோயாளிக்குப் பொறுமை வேண்டும். வயிற்றில் குழாயோடு வாரக்கணக்கில் இருப்பது சுகமில்லை.

பழைய அறுவையில் நாளம் குடலோடு இணைக்கப்பட்டவர்களுக்கு வாய்வழிப் பாதை பெரும்பாலும் நீண்டு சிக்கலாகிவிடும். அவர்களுக்கு இந்த வழி மிக உதவும். கல் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கும் அறுவை மருத்துவர்கள், குடலின் ஒரு முனையைத் தோலுக்கு அடியிலேயே தைத்து வைப்பதும் உண்டு. அடுத்த முறை அந்த இடத்தில் சின்னதாகத் திறந்து உள்ளே போய்விடலாம்.

கல் போனது, நோய் போகவில்லை

பெரியப்பா விஷயத்துக்கு விடை இங்கேதான் கிடைத்தது. தைவானில் தோல்வழி சிகிச்சை பெற்ற 245 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. சுமார் 85 சதவீதம் பேருக்குக் கற்களை முழுமையாக அகற்ற முடிந்தது. அருமையான எண். ஆனால் நீண்டகாலத்தில் சுமார் 63 சதவீதம் பேருக்குக் கல்லோ தொற்றோ திரும்ப வந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எடுத்தாச்சா?" என்ற கேள்விக்கு முதல் எண் பதில் சொல்கிறது. "சரியாச்சா?" என்ற கேள்விக்கு இரண்டாவது எண்.

என் தொழிலில் இதற்கு ஒரு சமானம் உண்டு. சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். பழைய லாக் ஃபைல்களை அழித்துவிட்டுத் தூங்கப் போகலாம். அதை அப்போது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் லாக்கைக் கொட்டிக்கொண்டிருக்கும் புரோகிராமைக் கவனிக்காவிட்டால் அடுத்த வாரமும் அலாரம் அடிக்கும்.

இங்கே அந்தப் புரோகிராம், குறுகிப்போன நாளம். அதனால்தான் நல்ல மையங்களில் கல்லோடு சேர்த்துக் குறுக்கத்தையும் கவனிக்கிறார்கள். பலூனால் விரிக்கிறார்கள், விரித்த இடம் மறுபடி சுருங்காமல் இருக்கச் சில மாதங்கள் ஸ்டென்ட் அல்லது குழாய் வைக்கிறார்கள். கற்கள் ஒரே பக்கத்தில் கூட்டமாக இருந்து, அந்தப் பகுதி சுருங்கி வேலை செய்யாமல் போயிருந்தால், அந்தப் பகுதிக் கல்லீரலையே வெட்டி எடுப்பதுதான் நல்ல தீர்வாக இருக்கலாம். கல், குறுக்கம், தேக்கம் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். மீதிக் கல்லீரல் வளர்ந்து ஈடு செய்துகொள்ளும்.

அறுவையைப் பற்றி யோசிக்க இன்னொரு காரணம் புற்றுநோய். வருஷக்கணக்கில் புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கும் நாளச் சுவரில், நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்குப் பித்தநாளப் புற்று வருகிறது. குறுக்கம் தழும்பா, கட்டியா என்று பார்க்கத் திசு எடுத்துச் சோதிக்க வேண்டி வரலாம். "எண்டோஸ்கோபி இருக்கும்போது கத்தி எதுக்கு?" என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. கல் எந்த நாளங்களில் இருக்கிறது? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? (எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் இதைச் சாயம் ஏற்றாமலேயே வரைபடம் போலக் காட்டும்.)

2. குறுக்கம் இருக்கிறதா? எங்கே? அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

3. புற்று இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

4. எல்லாக் கல்லும் போனது என்று எந்தப் படத்தில் பார்த்தோம்?

5. ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா? எந்தத் தேதியில் எடுக்க அல்லது மாற்ற வேண்டும்?

ஐந்தாவது கேள்வியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைக்கத் தொடங்கலாம். வலி இல்லை, ஜுரம் இல்லை என்று நோயாளி அதை மறந்துவிட்டால், கல்லை விலக்கி வழி விட வந்த ஸ்டென்டே அடைப்பாக மாறிவிடும். அதைச் சுற்றியே கல்லும் படியும்.

இன்னொன்று. குளிரில் உடம்பு தூக்கிப்போடும் ஜுரம், வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள், இந்த மூன்றும் சேர்ந்தால் அது பித்தநாளத் தொற்றாக இருக்கலாம். ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877-இலேயே இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னார். இவற்றோடு ரத்த அழுத்தம் இறங்குவதோ, பேச்சு குழம்புவதோ சேர்ந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக்கூடாது. மூன்றும் சேர வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே கல் இருந்தவருக்கோ, ஸ்டென்ட் உள்ளவருக்கோ குளிர் ஜுரம் ஒன்றே போதும் கிளம்ப. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்து மூன்று நாள் பார்க்கலாம் என்பது இந்தக் காமாலைக்குப் பொருந்தாது, இது அடைப்பினால் வரும் காமாலை. விருத்தாசலம், நெய்வேலி பக்கம் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை குடல் நோய்க்கென்றே தனித் துறைகள் உள்ளன. வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்டான்லி போன்ற இடங்களிலும் உண்டு. கிளம்பும்போது பழைய ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்க.

பெரியப்பாவுக்கு மூன்றாவது முறை இடதுபக்கக் குறுக்கத்தைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதை எடுக்கும் தேதி அடுத்த மாதம். குழுவில் இப்போதும் கேள்வி வருகிறது, ஆனால் கேள்வி மாறியிருக்கிறது. "வழி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள்.